மேம்படுத்தலுக்குப் பிறகு டிஎன்எஸ்: பின்னோக்கிப் போன வரிசை எண்

இணையதளங்களையும் மின்னஞ்சலையும் நிர்வகிக்கும் கண்ட்ரோல் பேனல் மென்பொருளைப் புதிய பெரும் பதிப்புக்கு மாற்றி முடித்த பிறகு, அதிலிருந்த இணையதளங்கள் எல்லாம் வழக்கம்போலத் திறந்தன. மின்னஞ்சல் போய்வந்தது. ஆனால் பேனலில் புதிதாகச் சேர்த்த ஒரு துணை டொமைன் எங்கிருந்தும் திறக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு பதிவின் ஐபி முகவரியை மாற்றியபோது பேனல் ‘சேமிக்கப்பட்டது’ என்று சொன்னது. வெளியே கேட்டால் பழைய முகவரியே வந்தது. டொமைன் பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்வது டிஎன்எஸ். அது முழுவதும் இறந்துபோனால் கண்டுபிடிப்பது எளிது. பழைய விடைகளை மட்டும் சரியாகச் சொல்லி, புதியவற்றை மறுக்கும் டிஎன்எஸ்தான் ஆளைச் சுற்ற வைக்கும்.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பேனல் ஓடும் சர்வரே முதன்மை நேம் சர்வர், அதாவது டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை சொல்லும் சர்வர். வேறொரு வலையமைப்பில் பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளோடு ஒரு சிறிய சர்வர், முதன்மையின் நகலை வைத்துப் பதில் சொல்லும் துணை நேம் சர்வராக. உண்மை முகவரிகளுக்குப் பதிலாக இங்கே எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகளைப் பயன்படுத்துகிறேன்: முதன்மை 192.0.2.10, துணை 198.51.100.20. மேம்படுத்தலோடு சேர்ந்து வந்த முக்கிய மாற்றம் ஒன்று உண்டு. அதுவரை பேனல் சர்வரிலும் பைண்ட்தான் ஓடியது. புதிய பதிப்பு அந்த இடத்தில் பவர்டிஎன்எஸ் என்ற வேறொரு டிஎன்எஸ் மென்பொருளை அமர்த்தியது. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஆள்மாற்றத்திலிருந்தே கிளைத்தன.

இணைய உலாவியையோ பிங் கட்டளையையோ வைத்து டிஎன்எஸ்ஸைச் சோதிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உலாவிக்கு ஒரு கேச் (விடைகளைத் தற்காலிகமாகச் சேமிக்கும் இடம்), இயங்குதளத்துக்கு ஒன்று, நமக்காக நேம் சர்வர்களிடம் கேட்டுச் சொல்லும் ரிசால்வருக்கு ஒன்று. மூன்றையும் தாண்டி வரும் விடை யாருடையது என்றே தெரியாது. டிஎன்எஸ் கேள்விகளைக் கேட்கும் டிக் கட்டளையை எடுத்து, டொமைனுக்கு அதிகாரம் உள்ள ஒவ்வொரு சர்வரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதற்கும் முன்னால் ‘ட்ரேஸ்’ விருப்பத்தைச் சேர்த்து, ரூட் சர்வரில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்தேன். காம் போன்ற மேல்நிலை டொமைன் இரண்டு நேம் சர்வர்களையும் சரியாகச் சொன்னது. அவற்றின் முகவரிகளும் சரி. ஆகவே டொமைன் பதிவாளரிடம் தேட ஒன்றுமில்லை. பழுது நம் வீட்டுக்குள் இருக்கிறது என்பது அங்கேயே உறுதியாகிவிட்டது.

அடுத்து இரண்டு சர்வர்களிடமும் நேரடியாகக் கேட்டேன். துணை சர்வர் உடனே பதில் தந்தது, அதிகாரக் குறியோடு, ஆனால் பழைய தகவலை. முதன்மை சர்வரிடமிருந்து பதிலே இல்லை. இணையதளங்கள் ஏன் தடையின்றித் திறந்தன என்பது இப்போது விளங்கியது. ஒரு நேம் சர்வர் பேசாவிட்டால் ரிசால்வர் மற்றதிடம் போய்விடும். அந்தத் தாங்குதிறனே பழுதையும் மறைத்து வைத்திருந்தது.

இந்த முதல் முடிச்சு அவிழ அதிக நேரம் ஆகவில்லை. பவர்டிஎன்எஸ் சேவை தொடங்கவே இல்லை. டிஎன்எஸ்ஸுக்குரிய 53 என்ற போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று லாக் சொன்னது. போர்ட்டுகளின் பயன்பாட்டைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் பார்த்தபோது, 127.0.0.53 என்ற உள் முகவரியில், சர்வரின் உள் ரிசால்வரான சிஸ்டம்டி-ரிசால்வ்டு அந்தப் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் பைண்ட் இத்தனை காலம் எப்படி ஓடியது? பைண்ட் சர்வரின் ஒவ்வொரு முகவரியையும் தனித்தனியாகப் பிடிக்கும், 127.0.0.53 பக்கம் அது போவதில்லை. பவர்டிஎன்எஸ்ஸோ, நாம் எதுவும் சொல்லாவிட்டால், 0.0.0.0 என்று எல்லா முகவரிகளையும் மொத்தமாகக் கேட்கும். மொத்தமாகக் கேட்டால் அந்த உள் முகவரியோடு மோதும்.

இதற்குப் பலரும் சொல்லும் தீர்வு, ரிசால்வ்டின் உள் செவியை அணைத்துவிடுவது. அப்படிச் செய்பவர்கள், எந்த ரிசால்வரிடம் கேட்பது என்று சர்வருக்குச் சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் இணைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லையென்றால் சர்வர் தானே வெளியுலகப் பெயர்களைக் கண்டறிய முடியாமல் தவிக்கும், மின்னஞ்சல் வரிசையில் தேங்கும். எனக்கு அந்த வழி பிடிக்கவில்லை. பவர்டிஎன்எஸ் அமைப்புக் கோப்பின் ‘லோக்கல்-அட்ரஸ்’ வரியில் பொது ஐபி முகவரியை மட்டும் எழுதிச் சேவையை மீண்டும் தொடங்கினேன். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன.

முதன்மை உயிர் பெற்றதும் நிலைமை இன்னும் குழப்பமானது. முன்பு எல்லோருக்கும் பழைய விடை. இப்போது சிலருக்குப் புதியது, சிலருக்குப் பழையது. ஒரே ஆள் இரண்டு முறை கேட்டால்கூட இரண்டு விடைகள். துணை சர்வர் சிறிது நேரத்தில் தானாகவே புதிய நகலை எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதுதான் முறை. எஸ்ஓஏ என்ற தலைப் பதிவில் உள்ள புதுப்பிப்பு இடைவெளி கடந்தும் அது அசையவில்லை.

துணை சர்வரின் லாக்கில் காரணம் ஒரே வரியில் கிடந்தது: முதன்மையிடமிருந்து கிடைத்த வரிசை எண், தன்னிடம் உள்ளதைவிடச் சிறியது. எத்தனை டொமைன்களோ அத்தனை வரிகள்.

ஒரு டொமைனின் பதிவுகள் அடங்கிய தொகுப்பே ஸோன். ஒவ்வொரு ஸோனின் தலையிலும் எஸ்ஓஏ என்ற பதிவு இருக்கும். அதன் மூன்றாவது புலம்தான் வரிசை எண். ஸோனில் எதை மாற்றினாலும் அந்த எண் கூட வேண்டும். துணை சர்வர் உள்ளடக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதே இல்லை. இந்த எண்ணை மட்டும்தான் பார்க்கும். எண் கூடியிருந்தால் புதிய நகலை எடுக்கும். கூடவில்லை என்றால் தன்னிடம் இருப்பதே புதியது என்று உறுதியாக நம்பும்.

பழைய பேனல் பரவலாக உள்ள வழக்கப்படி, தேதியையே வரிசை எண்ணாக எழுதிவந்தது: ஆண்டு, மாதம், நாள், கடைசியில் அன்றைய எத்தனையாவது மாற்றம் என்று இரண்டு இலக்கம். உதாரணமாக 2024081501. புதிய பதிப்பு யூனிக்ஸ் நேரத்தை எழுதத் தொடங்கியிருந்தது, அதாவது 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளின் எண்ணிக்கையை: 1731468312 போன்ற ஓர் எண். இரண்டுமே பத்து இலக்கம், இரண்டுமே முறையானவை. மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தவறாகத் தோன்றாது. ஆனால் முதல் எண் இருநூறு கோடிக்கு மேல், இரண்டாவது நூற்றெழுபது கோடியைச் சற்றே தாண்டியது. காலம் முன்னே போக, வரிசை எண் பின்னே போய்விட்டது. சும்மா காத்திருந்தால் யூனிக்ஸ் நேரம் அந்தப் பழைய எண்ணை எட்டுவது 2034 பிப்ரவரியில்தான்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, எங்கும் பிழை என்று எதுவுமே பதிவாகாததுதான். முதன்மை சர்வர் சரியாக ஓடுகிறது. துணை சர்வர் விதிப்படி நடக்கிறது. பேனல் பச்சை நிறம் காட்டுகிறது. அந்த லாக் வரிகூட வெறும் தகவல் என்ற தரத்தில்தான் இருக்கிறது, எச்சரிக்கையாக அல்ல. வரிசை எண்ணின் முறையை மாற்றும் எந்த மென்பொருளும், மாற்றுவதற்கு முன் ஏற்கெனவே உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். பழையது பெரிதாக இருந்தால் அதிலிருந்து மேலே எண்ண வேண்டும். முடியாவிட்டால் நிறுத்திக் கேட்க வேண்டும். இதைப் பயனரின் பொறுப்பு என்று நான் ஏற்க மாட்டேன்.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. துணை சர்வர் நம் கையில் இருந்தால், பைண்டைக் கட்டுப்படுத்தும் ஆர்என்டிசி கட்டளையின் ‘ரீட்ரான்ஸ்ஃபர்’ மூலம், வரிசை எண்ணைப் பொருட்படுத்தாமல் முழு ஸோனையும் மீண்டும் எடுக்கச் சொல்லலாம். ஒருமுறை எடுத்துவிட்டால் அதனிடமும் புதிய, சிறிய எண்ணே இருக்கும். அதற்குப் பிறகு இயல்பாகவே கூடிக்கொண்டு போகும்.

துணை சர்வர் வேறொருவர் பொறுப்பில் இருந்தால், 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1982 என்ற இணைய நெறிமுறை ஆவணம் சொல்லும் வரிசை எண் கணக்கைப் பயன்படுத்த வேண்டும். வரிசை எண் 32 பிட் அளவு கொண்டது. 4294967295-ஐ எட்டியபின் மீண்டும் 0-இலிருந்து தொடங்கும். ஆகவே கடிகார முகத்தில் எண்கள் சுற்றுவதுபோல இங்கும் பெரியது, சிறியது என்பது எந்தத் திசையில் அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு தாவலில் கூட்டத்தக்க உச்ச அளவு 2147483647. மேலே சொன்ன 2024081501-உடன் அதைக் கூட்டினால் 4171565148 வரும். அந்த எண்ணை முதன்மையில் எழுதி, துணை சர்வர்கள் எல்லாம் அதை எடுத்துக்கொண்டனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அதன்பின் 1731468312-ஐ எழுதினால், சுற்றி வந்த கணக்கில் அது முன்னோக்கிய நகர்வாகவே கொள்ளப்படும். முதல் தாவலை எல்லாத் துணை சர்வர்களும் எடுப்பதற்குள் இரண்டாவதைச் செய்துவிட்டால், எடுக்காதது பழைய இடத்திலேயே நின்றுவிடும். அவசரம் கூடாத வேலை இது.

என் துணை சர்வர் என் கையில் இருந்ததால் முதல் வழியே போதும். ஆனால் ரீட்ரான்ஸ்ஃபர் கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனித்தேன். மேம்படுத்தலுக்கு முன்பிருந்த ஸோன்கள் எப்படி இருந்தன என்பதற்கு, இயங்கிக்கொண்டிருக்கும் ஒரே சாட்சி அந்தப் பழைய நகல்தான். பேனலின் காப்புக் கோப்பு, பேனலுக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும். துணை சர்வரோ உலகத்துக்கு உண்மையில் என்ன பதில் போனது என்பதை அப்படியே வைத்திருக்கிறது. அதை அழிக்கும் முன் ஒவ்வொரு ஸோனையும் ஏஎக்ஸ்எஃப்ஆர் என்ற ஸோன் நகலெடுப்பு முறை மூலம் முழுமையாக எடுத்துச் சேமித்தேன். சர்வரின் வட்டில் உள்ள கோப்புகளை நேரடியாக நகலெடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பைண்ட் துணை ஸோன்களை இயல்பாக ‘ரா’ என்ற இரும வடிவில் வைத்திருக்கும், உரைத் திருத்தியில் படிக்க முடியாது. நேம்டு-கம்பைல்ஸோன் கருவி அவற்றை உரையாக மாற்றித் தரும்.

பிறகு முதன்மையின் ஸோனையும் சேமித்த ஸோனையும் அகரவரிசைப்படுத்தி, வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் கட்டளையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். சேவைகளின் இடத்தைச் சொல்லும், கையால் சேர்த்திருந்த சில எஸ்ஆர்வி பதிவுகள் புதியதில் இல்லை. ஒரு டொமைனில் மின்னஞ்சல் கையொப்பத்துக்கான டிகேஐஎம் சாவி பாதியில் முடிந்திருந்தது. அந்தச் சாவி இருக்கும் டெக்ஸ்ட் பதிவில் ஒரு சரம் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது என்பதால், 2048 பிட் சாவியைப் பல மேற்கோள் துண்டுகளாக எழுதுவார்கள். இறக்குமதியின்போது முதல் துண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. இன்னொன்றில், ஒரு பெயரை வேறொரு பெயருக்குச் சுட்டும் சிநேம் பதிவின் இறுதிப் புள்ளி விடுபட்டு, இலக்கின் பின்னால் டொமைன் பெயர் இரண்டாம் முறையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றுமே அப்போது யாரும் புகார் சொல்லாதவை. மின்னஞ்சல்கள் ஸ்பாம் பெட்டிக்குள் விழத் தொடங்கிய பிறகுதான் வெளிப்பட்டிருக்கும். ஒப்பிட்டுப் பார்த்ததால் ரீட்ரான்ஸ்ஃபருக்கு முன்பே முதன்மையில் சரிசெய்ய முடிந்தது.

ரீட்ரான்ஸ்ஃபர் கட்டளைக்கு முதலில் மறுப்புதான் கிடைத்தது. பவர்டிஎன்எஸ் இயல்பாகத் தன் சொந்த உள் முகவரிகளுக்கு மட்டுமே முழு ஸோனைத் தரும். ‘அலவ்-ஏஎக்ஸ்எஃப்ஆர்-ஐபிஸ்’ வரியில் 198.51.100.20-ஐச் சேர்த்தபின் நகல் ஓடத் தொடங்கியது. ஏஎக்ஸ்எஃப்ஆர் டிசிபி வழியாகத்தான் செல்லும். ஃபயர்வாலில், சாதாரண டிஎன்எஸ் கேள்விகள் செல்லும் யுடிபி 53 மட்டும் திறந்திருந்தாலும் இதே இடத்தில் நிற்கும். ஆகவே டிக் கட்டளையில் டிசிபி விருப்பத்தோடு ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. இன்னொன்று, இறக்குமதியான ஸோன்கள் எல்லாம் ‘நேட்டிவ்’ வகையாகப் பதிவாகியிருந்தன. அந்த வகை ஸோன்களில் மாற்றம் நடந்தால் பவர்டிஎன்எஸ் துணை சர்வருக்கு அறிவிப்பு அனுப்பாது. அவற்றை முதன்மை வகைக்கு மாற்றி, அமைப்புக் கோப்பிலும் அதற்குரிய வரியை இயக்கியதும், பேனலில் செய்த மாற்றம் சில நொடிகளில் துணை சர்வரில் தெரிந்தது.

இரண்டு சர்வர்களும் ஒரே பதில் சொல்லத் தொடங்கியவுடன் ஒரு டொமைன் விழுந்தது. எல்லோருக்கும் அல்ல. கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஆகிய பொது ரிசால்வர்களிடம் கேட்டால் சர்வ்ஃபெயில் என்ற பிழை விடை. நேம் சர்வர்களிடம் நேரடியாகக் கேட்டால் சரியான விடை. இந்த அறிகுறியைக் கண்டவுடன், பதில்களைக் கையொப்பத்தால் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக்கை நினைக்க வேண்டும். டிக் கட்டளையில் ‘சிடி’ விருப்பத்தைச் சேர்த்தால், சரிபார்ப்பை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் தா என்று ரிசால்வரிடம் கேட்கலாம். அப்படிக் கேட்டபோது விடை வந்தது. எனவே தரவு சரி, கையொப்பம்தான் பொருந்தவில்லை.

அந்த ஒரு டொமைன் மட்டும் கையொப்பமிடப்பட்டது. மேம்படுத்தலின்போது பேனல் பழைய சாவிகளைக் கொண்டுவராமல் புதிய சாவிகளை உருவாக்கியிருந்தது. எந்தச் சாவியை நம்பலாம் என்று மேல்நிலை டொமைனில் சொல்லும் டிஎஸ் பதிவோ பழைய சாவியைச் சுட்டிக்கொண்டிருந்தது. இது ஏன் அதுவரை தெரியவில்லை? துணை சர்வரின் பழைய நகலில் பழைய சாவிகளின் கையொப்பங்கள் இருந்தன. முதன்மையின் பதில் சரிபார்ப்பில் தேறாதபோது ரிசால்வர்கள் துணை சர்வரிடம் போய், அங்கே பொருந்தும் கையொப்பத்தைப் பெற்றுக்கொண்டிருந்தன. இரு நகல்களும் ஒன்றானதும் அந்தப் புகலிடம் இல்லாமல் போயிற்று. அந்தப் பழைய கையொப்பங்களுக்கும் காலாவதித் தேதி உண்டு. தொடாமல் விட்டிருந்தாலும் ஒருநாள் இதே நிலைதான்.

டிஎஸ் பதிவை மாற்றுவதா, பழைய சாவியைத் திரும்ப வைப்பதா? டிஎஸ் பதிவு, மேல்நிலை சர்வர் குறிக்கும் டிடிஎல் காலம் (கேச்சில் வைத்திருக்கும் கால அளவு) முழுவதும் ரிசால்வர்களின் கேச்சில் இருக்கும். காம் டொமைன்களுக்கு அது 86400 விநாடி, ஒரு முழு நாள். பழைய சாவியைத் திரும்ப வைப்பதில் காத்திருப்பு மிகக் குறைவு. பேனலின் காப்புப் பிரதியில் பைண்ட் காலத்துச் சாவிக் கோப்புகள் இருந்தன. அவற்றைப் பவர்டிஎன்எஸ்ஸின் பிடிஎன்எஸ்யுடில் கருவியின் சாவி இறக்குமதி வழியாகச் சேர்த்து, புதிய சாவிகளை நீக்கினேன். தனிச் சாவிக் கோப்பு கிடைக்காதவர்களுக்கு வேறு வழியில்லை: பதிவாளரிடம் டிஎஸ் பதிவை நீக்கிவிட்டு, டிடிஎல் காலம் கழிந்தபின் புதியதைச் சேர்க்க வேண்டும். மேம்படுத்தலைத் தொடங்குமுன் அந்தச் சாவிக் கோப்புகளைத் தனியே எடுத்துப் பாதுகாப்பாக வைக்கும்படி யாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

முதலில் புகார் வந்த துணை டொமைன் இன்னும் சிலருக்குத் திறக்கவில்லை. அது எதிர்மறைக் கேச்சின் வேலை. இல்லை என்ற விடையையும் ரிசால்வர்கள் சேமித்து வைக்கும். எவ்வளவு நேரம் என்பதை, 1998-இன் ஆர்எஃப்சி 2308 படி, எஸ்ஓஏ பதிவின் கடைசிப் புலமும் அந்தப் பதிவின் டிடிஎல்லும் தீர்மானிக்கும், இரண்டில் எது சிறியதோ அது. பழைய பேனலின் ஸோன் வார்ப்புருவில் இரண்டுமே 86400 விநாடி. ஆகவே பழுது இருந்தபோது அந்தப் பெயரைக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு ஒரு நாள்வரை அதே ‘இல்லை’. கூகுளும் கிளவுட்ஃபிளேரும் தங்கள் பொது ரிசால்வர்களின் கேச்சைப் பெயர்வாரியாக அழிக்கப் பக்கங்கள் வைத்திருக்கின்றன, அங்கே அழித்தேன். மற்ற ரிசால்வர்களுக்குக் காத்திருப்பதே வழி. கடைசிப் புலத்தை 300 ஆகக் குறைத்து வைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு சிறிய ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரான் மூலம் மணிக்கொருமுறை ஓடுகிறது. டொமைன் பட்டியலை எடுத்து, இரண்டு சர்வர்களிடமும் எஸ்ஓஏ கேட்டு, வரிசை எண் வேறுபடுவதை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பும். அது காட்டிக்கொடுத்த கடைசிச் சிக்கல்: மேம்படுத்தலுக்குப் பிறகு சேர்த்த டொமைன்களுக்குத் துணை சர்வர் ‘ரிஃப்யூஸ்டு’ என்று மறுக்கிறது. முன்பு பேனலே துணை சர்வரின் அமைப்புக் கோப்பிலும் புதிய டொமைனை எழுதிவந்தது. புதிய பதிப்பில் அந்த இணைப்பு இல்லை. தற்போதைக்குக் கையால் சேர்க்கிறேன். 2023-இல் ஆர்எஃப்சி 9432 ஆக வெளியான கேட்டலாக் ஸோன் முறை இதற்கென்றே அமைந்தது. டொமைன்களின் பட்டியலையே ஒரு ஸோனாக வைத்து, அதையும் வழக்கமான ஏஎக்ஸ்எஃப்ஆர் வழியாகத் துணை சர்வருக்கு அனுப்புவது. பைண்டில் 9.11 முதலும், அதைத் தயாரிக்கும் வசதி பவர்டிஎன்எஸ்ஸில் 4.7 முதலும் இருக்கின்றன. என் இரண்டு சர்வர்களிலும் அந்தப் பதிப்புகளுக்கு மேல்தான் ஓடுகின்றன. பயன்பாட்டில் இல்லாத ஒரு டொமைனை மட்டும் அந்தப் பட்டியலில் போட்டுச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.